கட்டுமரமும் அலைப்பலகையும்

தமிழ் மொழி பிறமொழிகளுக்கு வழங்கிய சொற்களை வகுப்பறையில் எடுத்துரைக்கும்போது, முதலில் நாவில் எழும் சொற்களுள் ஒன்று ‘கட்டுமரம்’ என்பதாகும். கட்டப்பட்ட மரம் கட்டுமரம். அதனை ஆங்கிலம் ‘கட்டமரான்’ என ஏற்றுக்கொண்டது. மலாய் மொழியிலும் ‘கத்தமாரான்’ என வழங்குகிறது. இச்செய்தியைத் தமிழ் மாணவர் பலரும் அறிவர். சொல் நடந்த வழியை அறிந்த மாணவர், அச்சொல் குறித்த பொருளின் இயல்பை அறிவரோ? பக்கச் சுவரும் மேல்தளமும் இல்லாத சில மரத்துண்டுகள், கயிற்றின் கட்டு ஒன்றையே துணையாகக் கொண்டு, ஆளுயர அலைகளை எங்ஙனம் கடந்தன? மீண்டும் கரைக்கு வருகையில் அவ்வலைகளின் மீதே எங்ஙனம் ஏறி வந்தன?

இவ்வினாக்களுக்கு விடை காண, இன்றைய நீர் விளையாட்டு ஒன்று பெரிதும் துணை செய்கிறது. அது விசைப்படகின் பின்னே எழும் அலையில் பலகை மீது நின்று சறுக்கும் விளையாட்டு. ‘வேக்சர்ஃபிங்’ என்பது அதன் பெயர். தமிழில் படகலைச் சறுக்கு எனலாம். இவ்விளையாட்டில் பலகையின் வடிவு சிறிது மாறினும் ஓட்டம் பெரிதும் மாறுகிறது. அம்மாற்றத்தின் காரணத்தை அறிந்தவர்க்குக் கட்டுமரத்தின் அருமையும் தானே விளங்கும்.

படகு எழுப்பும் அலை

புக்கிட் பெருவாங்கிலிருந்து சில கல் தொலைவிலுள்ள மலாக்கா நீரிணை இயல்பாகவே அடக்கமான கடல். ஒருபுறம் சுமத்திராத் தீவும் மறுபுறம் தீபகற்பமும் அரணாக நிற்றலின், பெருங்கடலின் நீண்ட அலைகள் அங்கே எளிதில் புகுவதில்லை. மலேசியாவில் கடலலையில் சறுக்க விரும்புவோர், வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பகாங் மாநிலத்துச் செராத்திங் போன்ற கிழக்குக் கரைகளையே நாடிச் செல்வர். ஆயினும் மலாக்கா ஆற்றங்கரையில் நிற்பவர் ஒன்றைக் காணலாம். சுற்றுலாப் படகு கடந்து சென்ற சில நொடிகளுக்குப் பின்னர், அது எழுப்பிய அலை வந்து கரைச்சுவரை மோதும். காற்று உண்டாக்காத அலை அது. படகு நீரைத் தள்ளியதால் உண்டான அலை.

படகு செல்லும்போது முன்னுள்ள நீரை ஒதுக்குகிறது. பின்னே ஒரு பள்ளத்தை விடுகிறது. அப்பள்ளத்தை நிரப்ப நீர் விரைந்து புகுந்து, மேடாக எழுந்து, மீண்டும் தாழ்கிறது. இம்மேடும் பள்ளமும் படகின் வேகத்திலேயே அதனைத் தொடர்ந்து வருகின்றன. ஆழமான நீரில், மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் படகின் பின்னே ஓர் அலை முகட்டிற்கும் அடுத்த முகட்டிற்கும் இடையே ஏறத்தாழ 4 மீட்டர் இருக்கும். வேகம் 18 கிலோமீட்டராக இரட்டித்தால் அவ்விடைவெளி 16 மீட்டராக, அஃதாவது நான்கு மடங்காகப் பெருகும். படகின் பின்னே விரியும் அலைக்கோலத்தின் கணக்கை 1887ஆம் ஆண்டில் விளக்கியவர், பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்ற வில்லியம் தாம்சன் ஆவார்.

படகலைச் சறுக்கிற்குரிய படகு பெரும்பாலும் மணிக்கு 16 முதல் 19 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். அதன் தொட்டிகளில் நூற்றுக்கணக்கான கிலோகிராம் நீரை நிரப்பி, பின்பகுதியை வேண்டுமென்றே ஆழ அமிழ்த்துவர். பொதுவாகப் படகு கட்டுவோர் அலை எழாமையையே விரும்புவர். ஏனெனில் அலை எழுப்புவதில் விசை வீணாகிறது. இங்கோ அலை எழுப்புவதே படகின் தொழிலாகிறது. சறுக்குபவர் முதலில் ஒரு கயிற்றைப் பற்றி எழுவார். அலையின் சரிவில் நிலைபெற்றதும் கயிற்றை விட்டுவிடுவார். அதன்பின் அவரை இழுப்பது எது?

பலகை ஏன் ஓடுகிறது

கயிறில்லாமலும் அவர் படகைத் தொடர்ந்து வருவதற்குக் காரணம் சரிவே ஆகும். மலைச்சரிவில் உருளும் பந்தைப் போலப் பலகையும் அலையின் முகத்தில் கீழ்நோக்கிச் சறுக்குகிறது. ஆனால் மலை ஓரிடத்தில் நிற்பது. அலையோ முன்னேறிக்கொண்டே இருப்பது. பலகை எவ்வளவு கீழே சறுக்குகிறதோ, அவ்வளவு நீர் அதன் அடியில் மேலே எழுகிறது. ஆகவே சறுக்கல் முடிவதில்லை. கடலலை கரையில் உடைந்ததும் சவாரி முடிந்துவிடும். படகலை, படகு ஓடும் வரையில் ஓயாது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பலகை படகின் வேகத்திலேயே செல்ல வேண்டும். சற்றே பிந்தினால் அலை கைவிட்டுப் போகும். சற்றே முந்தினால் படகின் பின்புறத்தை நெருங்கிவிடும். முன்காலை அழுத்தினால் வேகம் கூடும். பின்காலை அழுத்தினால் குறையும். இவ்வாறு வேகம், நிலைப்பு, திருப்பம் ஆகிய மூன்றிற்கும் இடையே ஓர் உடன்பாடு வேண்டப்படுகிறது. அவ்வுடன்பாட்டைச் செய்து தருவது பலகையின் வடிவே.

வடிவின் கூறுகள்

முதலாவது, நீளமும் அகலமும். நீண்ட பலகை நேராக ஓடும். எளிதில் திசை மாறாது. குறுகிய நீளமுடையது விரைந்து திரும்பும். ஆனால் நிற்பவரின் கால் சற்றுப் பிசகினாலும் தடுமாறும். அகன்ற பலகை நீரின் மேல் விரைவில் எழுந்து மிதந்தோடும். ஒடுங்கிய பலகை அலையின் சரிவைக் கவ்விப் பிடிக்கும்.

இரண்டாவது, முன்பின் முனைகளின் ஏற்ற வளைவு. பலகையைத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் நோக்கினால், அதன் மூக்கும் வாலும் மேல்நோக்கி வளைந்திருப்பதைக் காணலாம். மூக்கு வளையாத பலகை அலையின் அடிவாரத்தில் நீருக்குள் குத்திக்கொள்ளும்; மேலிருப்பவர் தலைகுப்புற விழுவார். வளைவு மிகுந்தால் இவ்வாபத்து நீங்கும். சிறு வட்டத்தில் திரும்பவும் முடியும். ஆயினும் வளைந்த அடிப்பகுதி நீரைத் தள்ளிக்கொண்டு செல்வதால் வேகம் குறையும். தட்டையான பலகை விரைவானது, வளைந்தது பணிவானது.

மூன்றாவது, விளிம்பு. இதனை விளக்க ஒரு குவளைத் தேநீர் போதும். விளிம்பு தடித்து உருண்டிருக்கும் பாத்திரத்திலிருந்து மெல்லச் சாய்த்து ஊற்றினால், தேநீர் நேரே விழாமல் பாத்திரத்தின் வெளிப்புறத்தை ஒட்டி வழியும். விளிம்பு கூர்மையாக வெளியே மடிந்த டபராவிலிருந்து ஊற்றினால், வழியாமல் அறுந்து விழும். உருண்ட பரப்பைத் தழுவிச் செல்வதும், கூரிய விளிம்பில் பிரிந்து விடுவதும் நீரின் இயல்பு. பலகையிலும் இதுவே நிகழ்கிறது. உருண்ட விளிம்பை நீர் தழுவி மேலேறுவதால் பலகை அலையோடு ஒட்டி நிற்கும். சற்று மெதுவாகச் செல்லும். பழகுவோரின் பிழையைப் பொறுக்கும். கூரிய விளிம்பில் நீர் உடனே பிரிவதால் பலகை விரையும். ஆனால் பிழை பொறுக்காது.

நான்காவது, வால். அகன்று சதுரமாக முடியும் வால் நீரின் தாங்குதலை மிகுதியாகப் பெற்று, எளிதில் சறுக்கித் திரும்பும். ஊசி போல் ஒடுங்கிய வால் சிறிது அமிழ்ந்து, அலையைப் பற்றிக்கொள்ளும். தகைவிலான் குருவியின் வாலைப் போல் பிளவுண்ட வாலும் உண்டு. அகலத்தால் தாங்குதலையும், இரு முனைகளால் பிடிப்பையும் அது ஒருங்கே பெற முயல்கிறது.

ஐந்தாவது, அடிச்செட்டை. மீனின் செட்டை போலப் பலகையின் அடியில் பின்புறம் பொருத்தப்படுவது இது. இஃது இல்லையேல் பலகை பக்கவாட்டில் வழுக்கும். செட்டை சாய்கோணத்தில் நீரை எதிர்கொள்ளும்போது, பறவையின் சிறகு காற்றில் பெறும் தாங்குதலைப் போன்ற ஒரு விசையைப் பக்கவாட்டில் பெறுகிறது. அதுவே பலகையைச் சரிவில் நிறுத்துகிறது. ஹவாய்த் தீவுகளின் பழைய மரப்பலகைகளுக்கு இத்தகைய செட்டை இல்லை. 1935ஆம் ஆண்டில் டாம் பிளேக் என்னும் அமெரிக்கர் ஒற்றைச் செட்டையைப் பொருத்தினார். ஆஸ்திரேலியரான சைமன் ஆண்டர்சன் 1981ஆம் ஆண்டில் மூன்று செட்டைப் பலகையைக் கொண்டு பெரும்போட்டிகளில் வென்ற பின்னர், அம்முறை உலகெங்கும் பரவியது.

இக்கூறுகளின் சேர்க்கையால் படகலைப் பலகைகள் இருவகைப்படும். ஒருவகை தடித்தது, மிதப்பு மிகுந்தது, பெரிய செட்டைகளை உடையது. அது அலையில் உறுதியாக நின்று, சரிவில் ஏறி இறங்கி வேகம் பெறுவதற்கு ஏற்றது. மற்றொரு வகை மெல்லியது, தட்டையானது, ஒரு சிறு செட்டையை மட்டும் உடையது. அதனை நீரின் மேற்பரப்பில் வட்டமாகச் சுழற்றலாம்; ஆனால் அலையின் விசை குறைந்தால் அது விரைவில் பின்தங்கும். ஒன்றில் பெறுவதை மற்றொன்றில் இழந்தே தீர வேண்டும். எல்லா நன்மையும் ஒருங்கே அமைந்த பலகை உலகில் இல்லை. எந்த அலைக்கு, எந்த உடலுக்கு, எந்த நோக்கத்திற்கு என்னும் வினாவிற்குரிய விடையே ஒவ்வொரு வடிவும் ஆகும்.

இவ்விளையாட்டிற்கு உரிய எச்சரிக்கையும் உண்டு. சுழலி படகின் பின்முனைக்கு வெளியே அமைந்த படகுகளில் இதனைச் செய்தல் உயிருக்கு ஆபத்து. சுழலி அடிப்பகுதிக்குள் ஒதுங்கிய படகே ஏற்றது. மிதவைச் சட்டை இன்றியமையாதது. எஞ்சின் புகையிலுள்ள நச்சு வாயுவும் படகின் பின்னே தேங்கக்கூடும். சிறிய ஏரிகளில் இப்பேரலைகள் கரையை அரித்துவிடும்.

கட்டுமரத்தின் வடிவு

இனிக் கட்டுமரத்தை நோக்குவோம். சோழமண்டலக் கரை நீண்ட மணற்கரை. இயற்கைத் துறைமுகம் அரிதாதலின், வங்கக் கடலின் அலைகள் தடையின்றி வந்து கரையில் உடைகின்றன. சென்னையில் செயற்கைத் துறைமுகம் அமையும் முன்னர்க் கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. முதலில் கட்டப்பட்ட துறைமுகத்தையும் 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. கப்பலின் சொந்தப் படகுகள் கரையை நெருங்கினால் அலையில் நொறுங்கும். ஆகவே ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகுகள் ஏற்றின. கடிதங்களையும் செய்திகளையும் கட்டுமரங்கள் சுமந்தன. மசூலாப் படகின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை மோதும்போது அவை வளைந்து கொடுத்தன. கட்டுமரமோ வேறொரு வழியைக் கண்டது.

நீரை உள்ளே விடாமல் தடுப்பது படகின் வழி. நீர் வந்து போக இடங்கொடுப்பது கட்டுமரத்தின் வழி. படகுக்குள் அலை புகுந்தால் அது நிறைந்து அமிழும். கட்டுமரத்தின் மேல் அலை உடைந்தால், நீர் மரங்களின் இடுக்குகள் வழியே வடிந்துவிடும். நிறைவதற்கு உள்ளிடமே இல்லாத ஒன்று எங்ஙனம் நிறையும்? அதன் மிதப்பு முழுவதும் மரத்தின் இலேசான இயல்பிலேயே அடங்கியுள்ளது. இதற்காகவே மலைவேம்பு, அல்பீசியா இனத்து மென்மரங்கள் போன்றவற்றைத் தேர்ந்தனர். மலேசியாவில் ‘பத்தாய்’ எனப்படும் விரைந்து வளரும் மரமும் இவ்வினத்தோடு உறவுடையதே. மென்மரம் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். ஆதலின் கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே உலர்த்துவர். ஆணி அறையாமல் கயிற்றால் கட்டியதன் பயன் இங்கும் புலனாகிறது.

பலகையின் கூறுகள் அனைத்தையும் கட்டுமரத்தில் காணலாம். நடுமரம் நீண்டது, பக்க மரங்கள் அதனை அணைத்து நிற்கும். ஆகவே நேராக ஓடும் நீளமும், எளிதில் கவிழாத அகலமும் அதற்கு உண்டு. அணியம் எனப்படும் முன்பகுதி செதுக்கப்பட்டு மேல்நோக்கி உயர்ந்திருக்கும். அலைப்பலகையின் மூக்கு வளைந்திருப்பதற்குரிய காரணமே இதற்கும் காரணம். அலையிலிருந்து இறங்கும்போது முனை நீரில் குத்தாதிருத்தல் வேண்டும். நீர்மட்டத்தை ஒட்டித் தாழ்ந்திருப்பதால் எதிரே உடைந்து வரும் அலை அதனைப் புரட்டாமல் மேலே கடந்து போகும். பாய் விரித்து ஓடும்போது, காற்று பக்கவாட்டில் ஒதுக்காதிருக்க ஒரு பலகையைச் செங்குத்தாக நீரில் இறக்குவர். அடிச்செட்டையின் தொழிலை அப்பலகை செய்கிறது. வேண்டும்போது இறக்கவும், கரையை நெருங்கும்போது தூக்கவும் கூடியது அது.

கரைக்குத் திரும்பும் காட்சியில்தான் சறுக்கு விளையாட்டின் நுட்பம் முழுவதும் வெளிப்படும். கடலலைகள் கூட்டங்கூட்டமாக வருபவை; சில பேரலைகளுக்குப் பின் சிறிது அமைதி உண்டாகும். மீனவர் அலை உடையும் எல்லைக்கு வெளியே காத்திருந்து, மண்டியிட்டு அமர்ந்து, தக்க சமயத்தில் துடுப்பை வலித்து, அலையின் வேகத்தைத் தாமும் எட்டுவர். பின்னிருப்பவர் துடுப்பையே சுக்கானாகப் பிடித்து மரத்தை அலைக்கு நேராக நிறுத்துவார். பக்கம் திரும்பினால் மரம் புரளும். அங்ஙனம் புரண்டாலும், மூழ்குவதற்கு ஒன்றுமில்லை. மீண்டும் பற்றி ஏறிக்கொள்ளலாம். கயிற்றை விட்டபின் படகலையில் நிற்கும் விளையாட்டு வீரரும், துடுப்போடு அலையேறும் மீனவரும் செய்வது ஒன்றே. ஒருவர்க்கு அது பொழுதுபோக்கு. மற்றவர்க்கு அன்றைய உணவு.

சொல் வாழ்கிறது, பொருள்?

ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர், 1697ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பயண நூலில், சோழமண்டலக் கரையின் இம்மிதவையைக் குறிப்பிட்டுள்ளார். அன்று அச்சொல் மரங்கள் கட்டிய மிதவையையே குறித்தது. பின்னர் அது பொருள் மாறிற்று. அமெரிக்கப் படகுச் சிற்பி நத்தானியேல் ஹெரஷாஃப் 1876ஆம் ஆண்டில் ‘அமரில்லிஸ்’ என்னும் இரட்டை உடற்படகைக் கட்டினார். இன்று ‘கட்டமரான்’ என்றால் உலகம் நினைப்பது இத்தகைய இரட்டை உடற்படகையே. பசிபிக் தீவினரின் இரட்டைத் தோணிகளோடு அதற்கு உறவு மிகுதி. தமிழ்க் கரையின் கட்டுமரத்தோடு உறவு குறைவு. இரண்டு ஒடுங்கிய உடல்கள் விலகி நிற்பதால் அது எளிதில் கவிழாது. ஒடுக்கத்தால் அலையும் குறைவாகவே எழுப்பும். அலையை எழுப்பவே கட்டப்பட்ட சறுக்குப் படகிற்கு அது நேர் எதிரானது. கட்டுமரமோ இவ்விரண்டினின்றும் வேறாய், வரும் அலைக்கு இடங்கொடுத்து வாழ்வது. பெயர் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழையாகும். ஆசிரியர் இவ்வேறுபாட்டைத் தெளிவாக உணர்த்துதல் நன்று.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியபோது கட்டுமரங்கள் ஏராளமாக அழிந்தன. அதன்பின் நிவாரணமாக வந்தவற்றுள் கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. எஞ்சின் பூட்டிய அப்படகு தொலைவு செல்லும். மீனவரின் உடலுழைப்பைக் குறைக்கும். அதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் மரம் தேர்ந்து, அணியம் செதுக்கி, கட்டும் முறையறிந்த கைகள் குறைந்து வருகின்றன. அக்கைகளோடு அவ்வடிவின் காரணங்களும் மறைந்து போகக்கூடும்.

மறுபுறம், அலையறிவு புதுவழியிலும் தளிர்க்கிறது. சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளம் மீனவர் குடியிருப்பில் இளைஞர் பலர் அலைச்சறுக்கில் தேர்ந்துள்ளனர். 2013ஆம் ஆண்டில் அங்கே அலைச்சறுக்கு விழா தொடங்கியது. 2021ஆம் ஆண்டில் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி மாமல்லபுரத்தில் நிகழ்ந்தது. அலையை நோக்கி, அதன் காலமறிந்து ஏறும் கலை அக்கரையினர்க்குப் புதிதன்று, பலகையே புதிது.

மலாக்காத் தமிழர்க்கும் இதில் உறவு உண்டு. தோட்டத் தொழிலுக்காக வந்த முன்னோர் பலர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்கள். அந்நாளில் நாகப்பட்டினத்தில் அக்கப்பல்கள் கரையை அணைந்ததில்லை. கரையிலிருந்து படகில் அலைகளைக் கடந்து சென்றே, தொலைவில் நின்ற கப்பலில் ஏற வேண்டியிருந்தது. அவர்களுடைய நெடும்பயணத்தின் முதற்பகுதி, அலையறிந்த மீனவரின் கைத்திறனை நம்பியே நடந்தது.

இதனை வகுப்பறையில் காட்டுதல் அரிதன்று. முன்முனை மேல்நோக்கிச் செதுக்கிய மென்மரத்துண்டு ஒன்றும், செதுக்காத துண்டு ஒன்றும் எடுத்து, நூலில் கட்டி நீர்த்தொட்டியில் விரைந்து இழுத்தால், எது நீரில் குத்துகிறது என்பதை மாணவரே காண்பர். குழாய் நீரில் கரண்டியின் முதுகைப் பிடித்தால் நீர் வளைந்து தழுவுவதையும், கத்தியின் விளிம்பில் பிரிவதையும் காண்பர். சிறு குச்சிகளை நூலால் கட்டி, மேலே நீரூற்றினால் வடிந்தோடுவதையும் காண்பர். அதன்பின் ‘கட்டுமரம்’ என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதினால், அது மனப்பாடத்திற்குரிய பெருமையாக நில்லாது, அறிவாக நிற்கும். ஒரு மொழியின் சொல் உலகெங்கும் சென்றதென மகிழ்வது எளிது. அச்சொல்லுக்குள் முன்னோர் கட்டி வைத்த அறிவை அவிழ்த்துக் காட்டுவதே ஆசிரியரின் கடமையாகும்.